கழுத்துவரை நிறைந்த ஜாடி

ஜிபெக் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். உதவி கேட்டு வரவில்லை, அழுதுகொண்டும் வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் சாவியை மேசை ஓரத்தில் வைத்தாள். அதன் பக்கத்தில் மடித்த வெள்ளைக் கோட்டை வைத்தாள். வந்த வேலை முடிந்தது என்பதுபோல் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"உக்காரு," என்றார் ரஹாத்.

உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்லியிருந்தால் எழுந்துமிருப்பாள்.

தாஷ்புலுங் அறிவியல் கல்லூரியில் ரஹாத்தின் அறைக்கு ஒரு பெருமை உண்டு. கட்டடத்தைச் சூடாக்கும் குழாய் அதன் சுவரை ஒட்டித்தான் போகிறது. ஏப்ரல் பிறந்தும் பனி விடாத ஊரில் அது சின்னப் பெருமை இல்லை. அதனால் அங்கே எந்நேரமும் யாராவது குளிர் காய்ந்துகொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அது நூலகர் ஓர்மோன். ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்ட மனிதர், ஆனால் ஊரில் எங்கே எது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ரஹாத் வேதியியல் ஆசிரியை. அதற்கு முன்னால் சுங்கத் துறையின் பரிசோதனைக் கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர். தேனில் சர்க்கரைப் பாகும் வெண்ணெயில் வேறு கொழுப்பும் கலந்து கொண்டுவந்தவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். கல்லூரியில் நுண்ணோக்கியின் கண்ணாடி காணாமல் போனாலும் சரி, முதல்வரின் தொப்பி காணாமல் போனாலும் சரி, ஆள் அனுப்புவது இந்த அறைக்குத்தான்.

"தங்கச்சி, இந்தப் பொண்ணை வெள்ளிக்கிழமை வெளிய அனுப்பப் போறாங்க," என்றார் ஓர்மோன். "இவ பாட்டுக்குச் சாவியைக் கொடுத்துட்டுப் போறா. நீ ஏதாவது செய்."

கல்லூரி வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. மாணவரும் ஆசிரியரும் கைகோத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று அது சொல்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரலில் ஆராய்ச்சி நாள் வரும். உள்ளதைச் சொன்னால், பெரும்பாலான துறைகளில் ஆசிரியர் தூங்குவார், மாணவர் போன வருடத்துப் படங்களைப் புதிய அட்டையில் ஒட்டுவார். பலகைக்குப் பொருத்தமாக இருந்தது ஒரே ஒரு ஜோடி. உயிரியல் பேராசிரியர் தெமிர்கான், அவருடைய மாணவி ஜிபெக்.

குதிரைகள் குட்டி போடுவது மே மாதம். அப்போது தொடங்கி இலை உதிரும்வரைதான் பால் கறக்கலாம், அதைப் புளிக்க வைத்துக் குமிஸ் என்ற பானமாக்கலாம். குளிர்காலத்தில் குமிஸ் வேண்டுமென்றால் ஆசைப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குளிரில் கட்டியாக்கிச் சேமித்த குதிரைப் பாலையும் நன்றாகப் புளிக்க வைக்கக்கூடிய ஓர் உறையை இவர்கள் இருவரும் மூன்று வருடம் பாடுபட்டு உண்டாக்கினார்கள். மேய்ச்சல் நிலத்துக் குடும்பங்களுக்கு அது பெரிய வரம். ஜிபெக்கின் நாக்கைப் பற்றித் தெமிர்கான் எல்லோரிடமும் பெருமை பேசுவார். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சொட்டு வைத்தால் போதும், எந்தக் குடுவையில் இருந்து எடுத்தது என்று சொல்லிவிடுவாள் என்பார்.

உறையின் மாதிரிகள் ஆழ்குளிர்ப் பெட்டியில் குழாய்களாக இருந்தன. ஜனவரியில் மின்வெட்டு வந்து அத்தனையும் வீணாயிற்று. மிஞ்சியது குளிர்பெட்டியில் இருந்த மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்று மட்டும். பிப்ரவரியில் தெமிர்கான் ஆய்வுக்கூடத்துப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அன்று கதவைப் பூட்டிய ஜிபெக் ஆராய்ச்சி நாள் வரைக்கும் அதைத் திறக்கவே இல்லை.

தலைநகரத்திலிருந்து வந்த குழுவின் முன்னால்தான் திறந்தாள், முதல்வரும் கூட நின்றார். குழு அந்த உறைக்கு அங்கீகாரம் தர வந்தது. ஜாடி அதே தட்டில் இருந்தது, அதே சீட்டு ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கெட்டியா இருந்துச்சு அக்கா. எங்களோடது தண்ணியா இருக்கும்," என்றாள் ஜிபெக். யாருடைய வீட்டிலோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "அவங்க எடுத்துப் பரிசோதிச்சாங்க. பசும்பால் தயிர்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஏன்?"

அவள் யோசித்தாள். "தெரியலை. ஐயா போனதுலேர்ந்து எனக்கு எதுவும் தோண மாட்டேங்குது. சோறும் ஒண்ணுதான், காகிதமும் ஒண்ணுதான். ஐயாவோட நாற்பதாம் நாள் விருந்துல எல்லாரும் ருசின்னாங்க. நானும் சாப்பிட்டேன். எதைச் சாப்பிட்டேன்னு கேட்டா சொல்லத் தெரியாது."

அவளுடைய மௌனத்தைக் குழு குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. ஆசிரியரும் மாணவியும் மூன்று வருடமாகப் பசும்பாலை வைத்து ஊரை ஏமாற்றினார்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், மாணவியை நீக்க வேண்டும், ஆய்வுக்கூடத்து வாசலில் இருக்கும் தெமிர்கானின் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டும். கல்லூரி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இன்றைக்குப் புதன்.

"நீ போறது பத்தி உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார் ரஹாத்.

"என்னை அனுப்பினா அனுப்பட்டும். பலகையை மட்டும் விட்டு வைக்கச் சொல்லுங்க." அதைச் சொன்னபோதும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அதுதான் ரஹாத்தைத் தொட்டது. சாவியை எடுத்து அவள் கையிலேயே வைத்து மூடினார்.

*

ஆய்வுக்கூடம் குளிர்ந்து கிடந்தது. ஓர்மோன் வழியெல்லாம் குற்றவாளியைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். அவர் கணக்கில் அது விரிவுரையாளர் மிர்லான்தான். அந்த அறை தனக்கு வேண்டுமென்று மிர்லான் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான், அவனிடமும் ஒரு சாவி இருந்தது, போதாததற்குத் தலைநகரத்தில் வளர்ந்தவன். இந்தக் கடைசிக் குற்றத்தை ஓர்மோன் இரண்டு தடவை சொன்னார்.

குழு தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போன ஜாடி குளிர்பெட்டியில் இருந்தது. ரஹாத் அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். ஓர்மோனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அதுல என்ன இருக்கு, தயிர்தானே."

"குழு எடுத்தது ரெண்டு கரண்டி. அதுக்கு முன்னாடி எதுவரைக்கும் இருந்திருக்கும்னு பாருங்க அண்ணே."

கண்ணாடியின் உட்புறம் தயிர் காய்ந்த கோடு தெரிந்தது. கழுத்து வரைக்கும், மூடிக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் இருந்திருக்கிறது. ரஹாத் ஜிபெக்கைக் கேட்டார். எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வைப்போம், புளிக்கும்போது பொங்கும், ஐயா அதில் கண்டிப்பு என்றாள்.

மூடிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி இருந்தது. அது ஆய்வுக்கூடத்துப் பஞ்சுத்துணி இல்லை. வெளுத்து, இஸ்திரி போட்டு, ஓரம் மடித்துத் தைத்த துணி. ஜாடியின் வெளிப்புறமும் பளிச்சென்றிருந்தது. சீட்டில் தெமிர்கானும் ஜிபெக்கும் சேர்ந்து எழுதிய பெயர்கள் வெந்நீர் பட்டதுபோல் கலங்கியிருந்தன. ரஹாத் குளிர்பெட்டியின் தட்டுகளையும் கழுவுதொட்டியையும் அதன் அடிக்குழாயையும் மூக்கை வைத்துப் பார்த்தார். அவ்வளவு புளித்த பால் போன குழாய் அவ்வளவு சுலபமாக மறக்காது. அதில் துருவாடை மட்டும்தான் இருந்தது.

மிர்லான் தானாகவே வந்து சேர்ந்தான். தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அறை வேண்டுமென்று கேட்டது உண்மை, இன்னும் கேட்பேன், தெமிர்கானோடு சண்டை போட்டதும் உண்மை, அவர் இருந்திருந்தால் இன்னும் போடுவேன் என்று ஒளிக்காமல் சொன்னான். தெமிர்கானின் நாற்பதாம் நாளுக்குக்கூட அவன் ஊரில் இல்லை. தேர்வு வேலையாக ஓஷ் நகரத்துக்குப் போயிருந்தான்.

"அக்கா, நான் கெடுக்கணும்னு நினைச்சா சிங்க்ல கொட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்," என்றான். "எங்க வீட்ல கெட்டுப்போன பாலை அப்படித்தான் செய்வோம். ஜாடியைக் கழுவி, துணி கட்டி, தயிர் வேற ஊத்தி வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

ஓர்மோன் அவனைப் பார்த்த பார்வையில் கொலைக் குற்றமே பரவாயில்லை என்றிருந்தது. "பாலையா? சிங்க்லயா?" என்று கேட்டார். பால், தயிர் என்று வெண்மையானது எதுவும் தரையில் சிந்தினால் விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளும் ஊரில் அவர் அறுபது வருடம் வாழ்ந்திருக்கிறார். கெட்டுப்போனால் கூட நாய்க்கு வைப்பார்கள், மாவில் பிசைவார்கள், கொட்டமாட்டார்கள்.

"கோபப்படாதீங்க அண்ணே," என்றார் ரஹாத். "இவர் சொல்றது சரி. இவரா இருந்தா கொட்டியிருப்பார். இங்க யாரும் கொட்டலை."

அதற்குப் பிறகு அவர் மிர்லானைப் பற்றிப் பேசவே இல்லை. ஓர்மோனுக்கு அது வருத்தம்தான்.

*

முதல்வர் துர்சுன் கணிதக்காரர். மென்மையான மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். தேநீர் வரவழைத்தார். தனக்கு ஊற்றியதைத் தொடவில்லை. இதை நீட்டினால் கல்லூரியின் பெயர் கெடும், பெண்ணுக்கும் நல்லதில்லை, வேறு ஊரில் சேர்ந்து படிக்கத் தாம் ஒரு வார்த்தை எழுதித் தரலாம் என்றெல்லாம் மேசையைப் பார்த்துச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவரில் எல்லா அறைகளின் சாவிகளும் கொத்தாகத் தொங்கின.

"ஜாடி எப்படி மாறிச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்று கேட்டார் ரஹாத்.

"இனிமே தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, ரஹாத்."

வெளியே வந்ததும் ஓர்மோன் இரண்டாவது குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார். ரஹாத் முன்னால் நடந்தார். ஆற்றோரத்துப் பாப்ளர் மரங்கள் வரைக்கும் வந்தபின் நின்றார்.

"அண்ணே, நாற்பதாம் நாளுக்கு நான் உபகரணம் வாங்கத் தலைநகர் போயிருந்தேன். விருந்து எப்படி?"

ஓர்மோனுக்கு இந்தத் தலைப்பு பிடிக்கும். அழுகையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தார். குதிரை இறைச்சி, வேகவைத்த மாவுத் துண்டுகள், வெண்ணெயில் பொரித்த ரொட்டி. யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் ஆட்டைக் கொண்டுவந்தார்கள், யார் மாவு மூட்டையைக் கொண்டுவந்தார்கள் என்று எல்லாம் சொன்னார். "எல்லாத்துக்கும் மேல குமிஸ்," என்றார். "மார்ச் மாசத்துல! ஆளுக்கு ஒரு வாய்தான் வந்துச்சு. ஆனா என்ன ருசி. தெமிர்கான் பெரிய மனுஷன், அதான் அவனுக்கு அமைஞ்சுது."

"அதை யார் கொண்டாந்தது?"

"நான் எங்க பார்த்தேன். கிண்ணம் வந்துச்சு, குடிச்சேன், அடுத்த ஆள்கிட்ட கொடுத்தேன்."

ரஹாத் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். சிரிக்கவில்லை. நாளைக்கு மத்தியானம் எல்லோரும் தெமிர்கானின் வீட்டுக்குப் போகிறோம், முதல்வரையும் மிர்லானையும் கூப்பிடுங்கள், ஜாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்.

"ஜாடி கல்லூரியோடதாச்சே," என்றார் ஓர்மோன். ரஹாத் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

*

தெமிர்கானின் மனைவி புருல் நாற்பதாம் நாளுக்குப் பிறகும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. துக்க வீட்டுக்குக் கெட்ட செய்தியைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் கல்லூரியில் நடந்த எதுவும் அந்த வாசலைத் தாண்டவில்லை. கணவரின் பெயர்ப்பலகைக்கு வந்த ஆபத்து அந்த அம்மாவுக்குத் தெரியாது.

ரஹாத் தயிரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஜாடியைக் கழுவி, பொரித்த மாவு உருண்டைகளால் அதை நிரப்பியிருந்தார். அதே வெள்ளைத் துணியைப் போட்டு மூடியிருந்தார். வாசலில் எல்லோரும் காலணிகளைக் கழற்றும்போது ஜாடியைத் துர்சுனிடம் நீட்டினார்.

"நீங்கதான் கல்லூரிக்குப் பெரியவர். நீங்களே கொடுங்க."

துர்சுன் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க வழி இல்லை. கதவு திறந்தது. புருல் கறுப்புத் தலைத்துணியோடு நின்றார். எல்லோரையும் பார்த்தார், அப்புறம் துர்சுனின் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"தம்பி, மறுபடியும் நீங்களே தூக்கிட்டு வந்தீங்களா?" என்றார். "போன தடவை கொண்டாந்தப்பவும் ரெண்டு கையாலயும் இப்படித்தான் பிடிச்சிருந்தீங்க. உள்ள வாங்க எல்லாரும்."

யாரும் உடனே உள்ளே போகவில்லை. ஜிபெக் துர்சுனைப் பார்க்கவில்லை, ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் உணவுத் துணி விரித்து, தேநீர் ஊற்றிய பிறகுதான் ரஹாத் பேசினார். புருலுக்கும் புரியவேண்டும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். குழு வந்தது, தயிர் இருந்தது, என்ன எழுதிவிட்டுப் போனார்கள், வெள்ளிக்கிழமை என்ன நடக்கப் போகிறது. புருலின் கையிலிருந்த கிண்ணம் துணியின்மேல் இறங்கியது.

"நான் முதல்ல கெடுக்க வந்த ஆளைத்தான் தேடினேன்," என்றார் ரஹாத். "கெடுக்க வந்தவன் பாலைக் கொட்டணும். கொட்டலை, குழாய்ல வாடையே இல்லை. சரி, திருடிட்டுப் போனான்னு வச்சுக்கிட்டா, ஜாடியோட போயிருப்பான். ஜாடி இருந்துச்சு. வெந்நீர்ல கழுவி, ஓரம் தைச்ச துணி போட்டு, கழுத்துவரைக்கும் நிறைச்சு இருந்துச்சு. ஆய்வுக்கூடத்துல யாரும் கழுத்துவரைக்கும் நிறைக்கமாட்டாங்க. வீட்லதான் நிறைப்பாங்க, அதுவும் அடுத்தவங்க பாத்திரமா இருந்தா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இது கெடுதல் இல்லை, மரியாதை. யாரோ ஒருத்தங்களுக்கு அந்த ஜாடி பரிசாப் போயிருக்கு. அவங்க அதை வெறுமனே திருப்பி அனுப்பலை."

"வெறும் பாத்திரத்தை எப்படி அனுப்புவேன்," என்றார் புருல் மெதுவாக. "வீட்ல குதிரைப்பால் இல்லை. மாட்டுப்பால்தான் இருந்துச்சு. தோய்ச்சு ஊத்திக் கொடுத்தேன்."

"நீங்க செஞ்சது சரிதான் அம்மா. பாலைக் கொட்டலைன்னா யாரோ குடிச்சிருக்காங்க. அரை ஜாடிக்கு மேல, ஒரே ஆள் குடிச்சுத் தீர்க்க முடியாது. இந்தக் குளிர்காலத்துல நம்ம ஊர்ல குமிஸ் பரிமாறின வீடு ஒண்ணே ஒண்ணு." ரஹாத் ஓர்மோனின் பக்கம் திரும்பினார். "நாம ரெண்டு நாளாத் தேடிக்கிட்டிருந்ததை நீங்களும் குடிச்சிட்டீங்க அண்ணே."

ஓர்மோன் மீசையைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் கழித்துத் துடைத்து என்ன பயன் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், கையைக் கீழே போட்டார்.

"ஆடு, மாவெல்லாம் சின்னவங்க தூக்குவாங்க," என்றார் ரஹாத். "கல்லூரி பேர்ல குமிஸ் போனா அதைத் தூக்குறவர் ஒருத்தர்தான். பூட்டின கதவைத் திறந்து எடுக்கவும், மறுநாள் அதே தட்டுல வைக்கவும் எல்லாச் சாவியும் அவர்கிட்ட இருக்கு. அது யாருன்னு நான் சொல்லவே தேவையில்லாமப் போச்சு."

துர்சுன் மறுக்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான். ஆடும் மாவும் எல்லோரும் கொண்டுவருவார்கள், தெமிர்கானுக்கு வேறு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தார். அந்தக் குளிர்பெட்டியைத் திறந்து குடித்துப் பாருங்கள் என்று தெமிர்கான் தமக்கு எத்தனையோ முறை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அவர் கையால் ஆன குமிஸ் அவர் விருந்திலேயே எல்லோருக்கும் ஒரு வாய் போகட்டும் என்று ஜாடியை எடுத்தார். புருல் நிறைத்துத் தந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய தட்டிலேயே வைத்துவிட்டார். கணிதம் படித்தவருக்கு அது குடிக்கும் பண்டமாகத்தான் தெரிந்தது. அதுவே மிஞ்சிய ஒரே உறை என்பது குழுவின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

"அந்த நிமிஷமே சொல்லியிருக்கணும்," என்றார். "சொல்லலை. அடுத்த நிமிஷம் முடியலை. அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாப் போச்சு."

"எடுத்ததுக்கு உங்களை யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க," என்றார் ரஹாத். "இந்தப் பொண்ணு வாயடைச்சு நின்னாளே, அப்ப பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்களும் வாயை மூடிக்கிட்டீங்க. அவளுக்காவது காரணம் இருந்துச்சு."

மிர்லான் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குச் சம்பந்தமில்லாத வெட்கம்தான், ஆனாலும் பட்டான்.

"நானும் குடிச்சேன்," என்றாள் ஜிபெக்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குரல் அப்போதும் ஏறவில்லை.

"கிண்ணம் என்கிட்டயும் வந்துச்சு. மூணு வருஷம் தினம் தினம் நாக்குல வச்சுப் பார்த்தது. எனக்குத் தெரியலை. தண்ணி மாதிரி முழுங்கிட்டு அடுத்தவங்க கிட்ட கொடுத்தேன். அப்பவே தெரிஞ்சிருந்தா மிச்சத்தையாவது காப்பாத்தியிருப்பேன். இப்ப உண்மை தெரிஞ்சு போச்சு. உறை இல்லையே அக்கா. என்னத்தைக் காட்டி அவர் பொய் சொல்லலைன்னு சொல்றது?"

ரஹாத் புருலைப் பார்த்தார். இங்கே வந்ததே அதற்காகத்தான். ஒரு வீட்டுக்காரி கடைசிச் சொட்டு வரைக்கும் பரிமாறிவிடுவாள் என்று அவர் நம்பவில்லை.

புருல் நெடுநேரம் உணவுத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து உள்ளே போனார். நிலவறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கம்பளித் துணி சுற்றிய ஒரு சின்ன மண்ஜாடியோடு திரும்பி வந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"அடியில ஒரு கிண்ணம் எடுத்து வச்சேன்," என்றார். "அவர் கையால ஆனது. மே மாசம் எங்க குதிரை குட்டி போட்டதும் அதோட பாலை இந்த உறையில ஊத்தலாம்னு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. இதுல எதுவும் சேர்க்கலை, திறக்கக்கூட இல்லை."

அவருடைய கை ஜாடியை விடவில்லை. கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜிபெக் மட்டும் கேட்டாள்.

"அம்மா, முழுசும் வேண்டாம். ஒரு கரண்டி போதும். உறை கொடுத்தா குறையாது."

புருல் அவளைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாதா, பொண்ணே," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பளியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

துர்சுன் எழுந்து நடைவழிக்குப் போனார். கதவை மூடவில்லை. தலைநகரத்துக் குழுவின் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நான்தான் எடுத்தேன், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, உறை உயிரோடு இருக்கிறது, மறுபடி வந்து பாருங்கள் என்று அவர் சொன்னதை உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் நிறையப் பேசினார்கள் போலிருக்கிறது. அவர் ஆமாம், ஆமாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

பெரிய ஜாடியிலிருந்த மாவு உருண்டைகளை ரஹாத் தட்டில் கொட்டினார். மிர்லான் அதை வாங்கிப்போய், யாரும் சொல்லாமலே, வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்தான். புருல் மண்ஜாடியைச் சாய்த்துப் பாதியை அதில் ஊற்றினார். பாதியைத் தமக்கு வைத்துக்கொண்டார். ஜாடியின் அடிப்பாகம் கூட நிறையவில்லை.

அப்புறம் கரண்டியில் ஒட்டியிருந்ததை ஜிபெக்கிடம் நீட்டினார். "இது அதுதானான்னு நீயே பார்த்துச் சொல்லு. உன் நாக்கைப் பத்தி அவர் என்னென்னவோ சொல்லுவார்."

ஜிபெக் கரண்டியை வாங்கினாள். நாக்கில் வைத்தாள். ரஹாத்துக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது. பால் போயிருந்தால் வேறு வழி தேடலாம். இந்தப் பெண்ணின் நாக்கு திரும்பாவிட்டால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஜிபெக்கின் முகம் சுருங்கியது. தாடை இறுகியது, கண்கள் மூடிக்கொண்டன.

"புளிக்குது," என்றாள்.

கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் அழத் தொடங்கினாள்.